மதர் மீண்டும் சிஸ்டர் ஆகிறபோது

கொங்கு நாட்டில் ஒருவர் ஒரு பொறுப்பை ஒருமுறை வகித்துவிட்டால், அந்தப் பொறுப்பின் பெயர் அவரை விட்டு எளிதில் போவதில்லை. என்றோ ஊராட்சித் தலைவராக இருந்தவரின் வீட்டை இன்றும் ‘பிரசிடெண்ட் வூடு’ என்றுதான் வழி சொல்கிறோம். பட்டக்காரர், கொத்துக்காரர் போன்ற பட்டங்கள் தந்தைக்குப் பின் மகனுக்குப் போகுமே தவிர, வகித்தவர் உயிரோடிருக்கும்போதே அவற்றை இறக்கி வைத்தார் என்று கேள்விப்படுவது அரிது. பஞ்சாலைக் குடும்பங்களிலும் சங்கங்களிலும் கோயில் கமிட்டிகளிலும் ஏறக்குறைய இதே நிலைதான். இப்படிப்பட்ட ஊர்களுக்கு நடுவே, மதில் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு பெரிய சபையின் தலைவியாக இருந்த பெண் காலம் முடிந்த மறுநாள் சாதாரண சகோதரியாகிறார். ஒருகாலத்தில் தம்மிடம் பயிற்சி பெற்ற இளையவர் ஒருவரைத் தலைவியாக ஏற்று, அவர் சொல்லும் வேலையைச் செய்கிறார். கத்தோலிக்கக் கன்னியர் மடங்களைப் பற்றி எங்கள் பகுதியில் பலருக்கும் பல அபிப்பிராயங்கள் உண்டு. ஆனால் இந்த ஒரு வழக்கத்தை யாரும் கவனித்துப் பேசியதாக எனக்குத் தெரியவில்லை.

நான் கோவைக்குக் கிழக்கே, வகுப்பறைக்குள்ளும் விசைத்தறி ஓசை கேட்கிற ஓர் ஊரில், மடத்தார் நடத்தும் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள் என்றாலும் துறவறம் போனவள் அல்ல. கல்வி அலுவலகத்துக்கும் வங்கிக்கும் மடத்திலிருந்து போகும் கடிதங்களை எழுதிக் கொடுக்கும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்ததால், வந்து போன இல்லத் தலைவிகள் அத்தனை பேரோடும் பழகும் வாய்ப்பு கிடைத்தது. அவர்களில் சிலர் மிக நல்ல தலைவிகள், சிலர் இல்லை. இரு வகையினரையும் ஒரே சட்டம்தான் ஏற்றியது, ஒரே சட்டம்தான் இறக்கியது என்பதால், அந்தச் சட்டத்தைப் படித்துப் பார்க்கும் ஆவல் எனக்கு வந்தது.

கோவை மண்ணுக்கு இது புதிய சங்கதி அன்று. 1850இல் கோவை தனி மறைப்பணித் தளமாக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1853இல், பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த அருட்தந்தை ஜோசப் லூயி ரவேல் இங்கே பெண்களுக்கான ஒரு துறவற சபையைத் தொடங்கினார். காணிக்கை மரியின் பிரான்சிஸ்கன் சகோதரிகள் என்று இன்று அறியப்படும் அந்தச் சபையினர்தான் 1948இல் நிர்மலா மகளிர் கல்லூரியைத் தொடங்கியவர்கள். கோவையிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் எத்தனையோ பெண்கள் முதன்முதலாகப் பார்த்த பெண் நிர்வாகி ஒரு மடத்து மதராகத்தான் இருந்திருப்பார். ஆண் துணையின்றி நிலம் வாங்கி, கட்டடம் கட்டி, ஆள் வைத்து வேலை வாங்கிச் சம்பளம் கொடுத்த பெண்களை, அக்காலத்தில் எங்கள் ஊர்களில் வேறெங்கும் கண்டிருக்க முடியாது.

மடத்துக்குள் தலைமை பொதுவாக மூன்று படிகளாக இருக்கிறது. ஒவ்வொரு மடத்துக்கும் ஓர் இல்லத் தலைவி. பல மடங்கள் சேர்ந்த மாநிலத்துக்கு மாநிலத் தலைவி. சபை முழுவதற்கும் பொதுத் தலைவி. பேச்சு வழக்கில் முதலாமவர் மதர், அடுத்தவர் புரொவின்ஷியல், மூன்றாமவர் ஜெனரல். இங்கே மாநிலம் என்பது சபையின் நிர்வாகப் பிரிவு, தமிழ்நாடு அன்று. இதை விளக்கியே எனக்குப் பாதி ஆயுள் போயிற்று. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தலைவிகள் குறிப்பிட்ட கால அளவுக்கே நியமிக்கப்பட வேண்டும் என்றும், இடைவெளியின்றி நீண்ட காலம் ஒருவரே ஆட்சிப் பொறுப்பில் நீடிக்காதபடி ஒவ்வொரு சபையும் தன் ஒழுங்குகளில் வழி செய்ய வேண்டும் என்றும் 624ஆம் எண்ணில் சொல்கிறது. பொதுத் தலைவிக்கும் தன்னாட்சி பெற்ற மடங்களின் தலைவியருக்கும் மட்டும் அவரவர் சபை ஒழுங்குப்படி விதிவிலக்கு இருக்கலாம். எத்தனை ஆண்டு என்பதைச் சபைகளே முடிவு செய்கின்றன. இல்லத் தலைவிக்கு மூன்று ஆண்டு, பொதுத் தலைவிக்கு ஆறு ஆண்டு என்பது பரவலாகக் காணப்படும் வழக்கம்.

பொதுத் தலைவியைத் தேர்ந்தெடுப்பது, சபைச் சகோதரிகளின் பிரதிநிதிகள் கூடும் பொதுப்பேரவை. அது கூடியிருக்கும் நாட்களில் சபையின் உச்ச அதிகாரம் அதனிடமே இருக்கிறது. தேர்தல் என்றதும் நமக்குத் தெரிந்த தேர்தலை நினைத்துக்கொள்ளக் கூடாது. இங்கே வேட்பாளர் கிடையாது, வேட்புமனு கிடையாது, மேடை கிடையாது. தமக்கோ பிறருக்கோ நேரடியாகவோ மறைமுகமாகவோ வாக்குச் சேகரிப்பதை 626ஆம் எண் தடை செய்கிறது. வாழ்நாள் முழுவதும் துறவியாக இருப்பேன் என்று நித்திய வார்த்தைப்பாடு கொடுத்து, சபையின் ஒழுங்கு சொல்லும் ஆண்டுகளைக் கடந்த எந்தச் சகோதரியின் பெயரையும் சீட்டில் எழுதலாம். சபையின் ஒழுங்கு வேறுவிதமாகச் சொல்லாதபோது, வந்திருப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே பெயரை எழுதினால் முடிவு. இரண்டு சுற்றிலும் அப்படி அமையாவிட்டால், அதிக வாக்குப் பெற்ற இருவருக்கு இடையே மூன்றாம் சுற்று. அதிலும் சமமாக நின்றால் வயதில் மூத்தவர் தேர்ந்தெடுக்கப்பட்டவராகிறார். மறைமாவட்ட உரிமை பெற்ற, அதாவது உள்ளூர் ஆயரின் (பிஷப்பின்) பொறுப்பில் உள்ள சபையானால், அதன் தலைமை இல்லம் இருக்கும் இடத்தின் ஆயர் இந்தத் தேர்தலுக்குத் தலைமை தாங்குவார். முடிவு தெரிந்ததும், பெயர் வந்தவரிடம் ஏற்கிறீர்களா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத் தாம் விடை சொன்ன நாளைப் பற்றி ஒரு முன்னாள் தலைவி என்னிடம் சொன்னபோது, தமக்கு அப்போது வயிற்றைக் கலக்கியது என்பதைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை என்றார். தலைவியாவோம் என்று எண்ணி வந்தவர்களுக்கு அப்படிக் கலக்கியிருக்காது என்று நான் சொன்னதற்கு அவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

வாக்குச் சேகரிக்கக் கூடாது என்று சட்டம் சொல்வதால் யாரும் கணக்குப் போடுவதில்லை என்று ஆகிவிடாது. எந்த ஊர்ப் பக்கத்தவர் எத்தனை பேர், எந்தச் சாதியார் எத்தனை பேர், கடந்த முறை யார் யாருக்கு எழுதினார்கள் என்ற முணுமுணுப்பு தாழ்வாரங்களில் உண்டு. தமிழகத் திருச்சபை பீடத்தில் மறுத்துவிட்டுக் கல்லறையில் கடைப்பிடிக்கிற சாதி, மடத்து மதிலைப் பார்த்துத் திரும்பிப் போய்விடும் என்று நம்ப நான் அவ்வளவு வெகுளி அல்ல. தலித் சகோதரிகள் தலைமைக்கு வருவது எந்தச் சபையில் இயல்பான செய்தியாக இருக்கிறது, எந்தச் சபையில் கூடிப் பேசும் செய்தியாக இருக்கிறது என்பதை வைத்தே அந்தச் சபையின் உள்நிலையைச் சொல்லிவிடலாம் என்பது என் கணிப்பு. பெண்கள் சபைகளில் வழிபாட்டில் பாடும் பாட்டுச் சகோதரிகள், வீட்டு வேலை செய்யும் வேலைச் சகோதரிகள் என்று இரு தரம் இருந்த பழைய முறையைக் கைவிட்டு ஒரே தரமாக்குமாறு, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் துறவறம் பற்றிய தன் ஆணையிலேயே அறிவுறுத்தியது. தரம் போயிற்று. சமையலறைப் பொறுப்பு யாருக்குத் திரும்பத் திரும்பப் போகிறது என்பதை மட்டும் இன்னும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

சமையலறை என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். மாநிலத் தலைவியாக இருந்து காலம் முடிந்த ஒரு சகோதரியை எங்கள் ஊர் மடத்துக்கு அனுப்பினார்கள். வந்த வாரமே மடத்து வேன் ஓட்டுநர் என்னை மாமரத்தடியில் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஏனுங் டீச்சர், இந்த சிஸ்டர் போன மாசம் வரைக்கும் பெரிய மதரா இருந்தவங்கதானுங்களே? இப்ப இங்க வந்து அரிசி பொடைச்சிக்கிட்டு இருக்கறாங்க. ஏதாச்சும் தப்புத்தண்டா பண்ணிப்போட்டாங்களா?”

அவர் கேட்டதில் குற்றமில்லை. தப்பு செய்யாமல் ஒருவர் கீழே வருவதை எங்கள் ஊரில் அவர் எங்கே பார்த்தார்?

அந்தச் சகோதரி பல கட்டடங்களுக்கும் பள்ளிகளுக்கும் கையெழுத்துப் போட்டவர். எங்கள் இல்லத் தலைவியோ, பயிற்சிக் காலத்தில் அவரிடமே நவகன்னியராக இருந்தவர். ஒரு நாள் நான் கடிதமொன்றுக்குக் கையெழுத்து வாங்க அலுவலக அறையில் காத்திருந்தபோது மூத்தவர் உள்ளே வந்து, “மதர், பல் டாக்டரப் பாக்கப் போகணுங்க, பஸ்ஸுக்குக் காசு வேணும்” என்றார். (மகளிருக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்ற காலம் அப்போது வரவில்லை.) இளையவருக்கு முகம் சிவந்துவிட்டது. “நீங்க போய் எங்கிட்டக் கேக்கணுமா சிஸ்டர், டிராயர்ல இருக்குது, எடுத்துக்கோங்க” என்றார். மூத்தவர் எடுக்கவில்லை. “எழுதிட்டுக் குடுங்க மதர். நான் எடுத்துக்கிட்டா நாளைக்கு மத்தவங்களும் எடுத்துக்குவாங்க. அப்புறம் உங்களுக்குத்தான் கஷ்டம்” என்று சொல்லி, செலவுச் சீட்டு எழுதி முடிக்கும் வரை நின்றே வாங்கிப் போனார். அதில் பணிவு இருந்தது உண்மை; அதைவிட, புதிதாகப் பொறுப்பேற்ற ஒருவருக்கு அந்த நாற்காலியில் எப்படி உட்கார வேண்டும் என்று மறைமுகமாகக் கற்றுக்கொடுத்ததும் இருந்தது. தலைமைப் பயிற்சி என்ற பெயரில் கோவை ஓட்டல்களில் நடக்கும் கூட்டங்களுக்குப் பள்ளிச் செலவில் போய் வந்திருக்கிறேன். அங்கே எழுதி வந்த குறிப்புகளில் இந்தச் செலவுச் சீட்டுக்கு ஈடான ஒரு வரிகூட இல்லை.

எல்லாரும் இப்படி இறங்குவதில்லை. பதவி முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் சாப்பாட்டு மேசையில் பழைய இடத்திலேயே உட்காருபவர், புதிய தலைவி எது சொன்னாலும் “என் காலத்தில்” என்று தொடங்குபவர், தமக்கு வேண்டியவர்களை அறைக்கு அழைத்து வைத்துத் தனிச் சபை நடத்துபவர் என்று பல வகையினரைப் பார்த்தாயிற்று. சட்டம் நாற்காலியிலிருந்து எழுப்பிவிடும்; மனத்தை எழுப்பிவிட அதனால் ஆகாது. அப்படிப்பட்ட ஒருவர் இருக்கும் மடத்தில் புதிய தலைவியாக வருவதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை.

பதவி ஏறுவதும் இறங்குவதும் எவ்வளவு முரட்டுத்தனமாக நடக்கக்கூடும் என்பதற்கு எங்கள் பக்கத்து மலையிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. பிரான்சின் நான்ட் நகரில் 1839இல் பிறந்த எலென் தெ ஷப்போத்தேன், மரியே ரெப்பராத்ரிஸ் சபையில் சேர்ந்து, 1865இல் மதுரை மிஷனுக்கு அனுப்பப்பட்டார். வந்த சில ஆண்டுகளிலேயே மாநிலத் தலைவியானார். துறவறப் பெயர் மரியா பாசியோன். சபைக்குள் கருத்து வேறுபாடு முற்றியபோது, 1876இல் அவரும் சேர்த்து இருபது சகோதரிகள் அந்தச் சபையை விட்டு வெளியேறி உதகமண்டலத்தில் ஒன்றுகூடினார்கள். உதகை அப்போது கோவை ஆயர் பார்துவின் ஆளுகையில் இருந்தது. அவருடைய ஆதரவோடு உரோமைக்குப் போன எலெனுக்கு, புதிய சபை தொடங்க 1877 ஜனவரி 6 அன்று திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அனுமதி வழங்கினார். இன்று உலகின் பல நாடுகளில் பணியாற்றும் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் சபை இப்படித்தான் நீலகிரிக் குளிரில் உருவெடுத்தது.

இந்தக் கதையை மடங்களில் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. தாம் தோற்றுவித்த சபையின் தலைமையிலிருந்தே 1883இல் அவர் நீக்கப்பட்டார். விசாரணைக்குப் பின், குற்றமற்றவர் என்று தெளிந்து, 1884இல் மீண்டும் தலைமைக்கு வந்தார். 1904இல் இறந்த அவருக்கு 2002இல், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கிடைத்தது. நடுவே போன அந்தக் காலத்தில், நிறுவியவர் என்ற பெயரோடு, தாமே கட்டிய வீட்டில் அதிகாரமற்றவராக அவர் வாழ வேண்டியிருந்தது. தலைவியை நீக்கும் அதிகாரம் மேலிடத்துக்கு வேண்டும் என்பதையும், அந்த அதிகாரம் தவறான தகவலை நம்பிச் செயல்படக்கூடும் என்பதையும் அவர் வாழ்க்கை ஒருசேரக் காட்டுகிறது.

தகவல் மேலே எப்படிப் போகிறது என்பதுதான் மடத்து ஆட்சியின் உயிர்நாடி. தலைவி தன் கீழுள்ளோர் சொல்வதை மனமுவந்து கேட்க வேண்டும், ஆனாலும் முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடமே இருக்கும் என்று 618ஆம் எண் சொல்கிறது. ஆறாம் நூற்றாண்டின் புனித பெனடிக்ட் தம் ஒழுங்கின் மூன்றாம் அதிகாரத்தில், முக்கியமான காரியம் எதுவானாலும் தலைவர் அனைவரையும் கூட்டிக் கேட்கட்டும், ஏனெனில் மேலானதை ஆண்டவர் பலமுறை இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்று எழுதி வைத்தார். கேட்பதற்கான ஏற்பாடுகளும் இருக்கின்றன. மாநிலத் தலைவிக்கும் பொதுத் தலைவிக்கும் ஆலோசகர் குழு உண்டு. சில முடிவுகளுக்கு அக்குழுவின் கருத்தைக் கேட்டால் போதும், சிலவற்றுக்கு அதன் சம்மதமே வேண்டும். குறித்த காலத்தில் மேல் தலைவி ஒவ்வொரு மடத்துக்கும் வந்து தங்கி, சகோதரிகள் ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்திக்கிறார். விசிட்டேஷன் என்பார்கள். அப்போது உண்மையைச் சொல்லவிடாமல் யாரையும் எந்த வகையிலும் தடுக்கக் கூடாது என்றே சட்டத்தில் இருக்கிறது. ஒருவரின் மனசாட்சியின் இரகசியங்களைத் தம்மிடம் திறக்கும்படி தலைவி எந்த விதத்திலும் தூண்டக் கூடாது என்று 630ஆம் எண் வேறு தனியாகக் காவல் போடுகிறது.

இவ்வளவு இருந்தும் பல சகோதரிகள் பேசுவதில்லை. காரணம் டிரான்ஸ்ஃபர். தேர்வு முடிந்து பள்ளி மூடியதும் மே மாதத்தில் மாற்றல் கடிதங்கள் வரும். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவருக்கு, அந்தக் கடிதத்தின் மேல் வழக்கு மன்றமோ தொழிற்சங்கமோ கிடையாது. விசிட்டேஷனில் மனம் திறந்த ஒரு சகோதரிக்கு அடுத்த மே மாதம் மலைப்பகுதி மடம் ஒன்றுக்கு மாற்றல் வந்தால், இரண்டுக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம்; ஆனால் மீதியிருக்கும் ஆறு பேரும் தொடர்பு இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். நல்ல தலைவிகள் இதை அறிந்து, மாற்றலுக்கு முன் அந்தச் சகோதரியை அழைத்துக் காரணம் சொல்கிறார்கள். சொல்லாதவர்கள், கீழ்ப்படிதலில் காரணம் கேட்கக் கூடாது என்கிறார்கள். இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் கேட்ட இடங்களிலெல்லாம், காரணம் சொல்லத் தகுந்ததாக இருந்ததில்லை.

ஆணுக்கும் பெண்ணுக்குமான கணக்கும் இதில் உண்டு. சபைகளுக்கு வாழ்விலும் ஆட்சியிலும் உரிய தன்னாட்சி இருக்கிறது என்று சட்டம் ஏற்றுக்கொண்டாலும், மறைமாவட்டச் சபையொன்றின் தலைவிக்கு ஆயரின் முகக்குறிப்பையும் பங்குத்தந்தையின் மனநிலையையும் பார்க்காமல் காலம் தள்ள முடிவதில்லை. உலகமெங்குமுள்ள துறவற சபைகளைக் கவனிக்கும் வத்திக்கான் துறைக்கு 2025 ஜனவரியில் முதன்முறையாக ஒரு பெண், தம் சபையின் பொதுத் தலைவியாக இருந்தவரான அருட்சகோதரி சிமோனா பிரம்பில்லா, தலைவராக நியமிக்கப்பட்டார். அவரோடு இணைத் தலைவராக ஒரு கர்தினாலும் நியமிக்கப்பட்டார் என்பதைக் கேள்விப்பட்டதும் எங்கள் மடத்து மூத்த சகோதரி ஒருவர், “பரவால்ல, கதவு தொறந்திருக்குது, தாப்பாள மட்டும் கையில வெச்சிருக்காங்க” என்றார்.

எங்கள் பகுதி மடங்களில் தலைமை தடுமாறும் இடம் பெரும்பாலும் பள்ளிதான். இல்லத் தலைவியே பள்ளியின் தாளாளராகவும் இருப்பார்; தலைமையாசிரியை அதே மடத்தில் வாழும் இன்னொரு சகோதரி. பள்ளி நேரத்தில் தலைமையாசிரியை எடுத்த முடிவை இரவுச் சாப்பாட்டு மேசையில் இல்லத் தலைவி மாற்றுவார். காலையில் ஆசிரியர்களாகிய நாங்கள் இரண்டு உத்தரவுகளுக்கு இடையே நிற்போம். நிதி நிர்வாகியின் பொறுப்பு தலைவியின் பொறுப்பிலிருந்து வேறாக இருக்க வேண்டும், இல்லங்களிலும் இயன்றவரை அப்படியே செய்ய வேண்டும் என்று 636ஆம் எண் சொன்னாலும், மூன்று பேர் மட்டுமே இருக்கும் மடத்தில் யாருக்கு எத்தனை பொறுப்பைப் பிரிப்பது? ஒருவர் தலைவி, தாளாளர், கணக்கர், ஒருவர் தலைமையாசிரியை, மூன்றாமவர் நோயாளி. முன்போல இளம்பெண்கள் சேராத இக்காலத்தில் இது விதிவிலக்காகத் தெரியவில்லை, வழக்கமாகிக்கொண்டிருக்கிறது.

மூன்றாண்டுக்கு ஒருமுறை தலைவி மாறும்போது தாளாளரும் மாறுகிறார். தாளாளர் மாற்றத்தைக் கல்வித் துறைக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும்; வங்கியில் கையெழுத்து மாற்ற வேண்டும்; அதற்குச் சபையின் தீர்மான நகல், அடையாளச் சான்று, புகைப்படம் எல்லாம் வேண்டும். இவை முடியும் வரை சம்பளப் பட்டியலில் கையெழுத்திட ஆளில்லாமல் ஜூன் மாதம் இழுபடும். புதியவர் பள்ளியின் கணக்கையும் ஊரின் போக்கையும் புரிந்துகொள்ள ஓராண்டு, தாமாக ஏதேனும் செய்ய ஓராண்டு, போகப்போகிறோம் என்ற நினைப்போடு ஓராண்டு. காலவரம்பு வேண்டாம் என்று இதனால் சொல்லவில்லை. வேனோட்டியின் கேள்விக்கு உரிய ஊரில் இருந்துகொண்டு நான் அப்படிச் சொல்லமாட்டேன். மடத்துத் தலைமைக்கு மூன்றாண்டு சரி. பள்ளித் தாளாளர் பொறுப்பை அதிலிருந்து பிரித்து, அதற்கு வேறு கால அளவும் படித்துப் பயிற்சி பெற்ற ஆளும் வைப்பதில் எந்தச் சட்டமும் குறுக்கே நிற்பதாகத் தெரியவில்லை. இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டாலும், கோப்புகள் இரண்டு அலமாரியில் இருக்கும்.

இதை ஒரு மாநிலத் தலைவியிடம் நேரிலேயே சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த பொதுப்பேரவைக்கு எல்லா மடங்களிலிருந்தும் கருத்து எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறோம், சகோதரிகள் யாராவது இதை எழுதினால் நிச்சயம் பேசப்படும் என்றார். எங்கள் ஊர் மடத்தில் எழுதக்கூடியவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் தாளாளர், ஒருவர் தலைமையாசிரியை. மூன்றாமவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பல் டாக்டரைப் பார்க்கப் பஸ்ஸுக்குக் காசு கேட்டவர் அவர்தான். கை நடுங்குகிறது, நான் சொல்லச் சொல்ல நீ எழுது என்று சொல்லியிருக்கிறார்.